கப்பல் ஏறுமுன் ஓர் ஆஸ்பத்திரிச் சந்தா

இந்தியாவுக்குப் போக மாட்டேன் என்று என் அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே போய் நோயில் விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று தெரியாமல் கப்பல் ஏற மாட்டேன் என்றுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் குடும்பம் ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த வருடம் இன்னொன்று உண்டா என்று சொல்லத் தெரியவில்லை.

அப்பா இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவது முதல் தூள் பெட்டிக்குள் போவது வரை தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அவருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்பதில் அப்பாவுக்குக் குழப்பம் இருக்கவில்லை. திருச்சியில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு ஒன்றையும் வாங்கிப் போட்டிருந்தார். நான் அட்டன் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியை. என் கணவரும் ஆசிரியர். நாங்கள் இருவரும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். அப்பா இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டார். சிறுவனாக இருந்தபோது பாஸ்போர்ட் என்ற பேச்சே இல்லாமல் அவர் தாண்டி வந்த கடல் அது. இப்போது அக்கரை வெளிநாடு.

அம்மாவின் பயத்தைப் புரிந்துகொள்ள அவளுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் இருந்த உறவைச் சொல்ல வேண்டும். குவாட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது டிஸ்பென்சரி. அம்மா அங்கே போகாத வாரம் கிடையாது. முழங்கால் குத்தல், வாயு, நெஞ்சு கரிப்பு, தலைச்சுற்று, பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்று விலாவுக்குள் ஓடுவது. மற்றப் பெண்கள் ஊர்க்கதை பேசுவது போல அம்மா தன் உடம்பைப் பற்றிப் பேசுவாள். ரசித்துப் பேசுவாள். டிஸ்பென்சர் ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிவப்பு மிக்ஸர் மருந்தை ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வரும்போதே அம்மாவுக்குப் பாதி சுகமாகிவிடும். அப்பாவோ அந்தப் படியை மிதித்ததே இல்லை. தனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

"இங்க ஒரு இருமல்னா ஓடிப்போய் நிக்க ஒரு வாசல் இருக்கு. அங்க யாரு வாசல்ல போய் நிக்கிறது? பெரியவ வீட்டுல போய்ப் படுத்துக்கிட்டு மாப்பிள்ளை கையைப் பாக்கச் சொல்றீங்களா?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள்.

 என் கணவர்தான் இன்சூரன்ஸ் என்ற யோசனையைச் சொன்னார். அட்டனில் அவருக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரச் சொன்னோம்.

ஏஜெண்ட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தக் குளிரிலும் கோட்டுக்குள் வியர்த்திருந்தது. தோட்டத்து ரோட்டு அப்படி. அம்மா பால் டீயும் முறுக்கும் வைத்தாள். அவர் ஆயுள் காப்பீட்டின் அருமையை அழகாக எடுத்துச் சொன்னார். குடும்பத் தலைவர் கண்ணை மூடிய பிறகும் குடும்பம் எப்படித் தலை நிமிர்ந்து நிற்கும் என்று அவர் சொன்னபோது, அந்தக் குடும்பத் தலைவர் எதிரில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அம்மா கடைசி வரை கேட்டாள்.

"செத்தா குடுப்பீங்க, சரி. சாகாம படுத்துக் கிடந்தா?" என்றாள்.

ஏஜெண்ட் கோப்பையைக் கீழே வைத்தார். அப்படிப்பட்ட பாலிசி தங்கள் கம்பெனியில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு அப்பாவின் வயதைக் கேட்டார். கேட்டதும், இருக்கிற பாலிசியும் இந்த வயதில் கிடைக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்படி ஒரு கம்பெனி எங்காவது இருந்தால் தனக்கும் சொல்லும்படி அம்மாவிடமே கேட்டுக்கொண்டார். அவருடைய தாயாருக்கும் மூட்டுவலியாம். அதன் பிறகு இருவரும் வெகுநேரம் மூட்டுவலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, என் கணவர் தன் பெயரில் ஒரு பாலிசி எடுத்துக்கொண்டார். ஆக, அம்மாவுக்காகத் தொடங்கிய தேடலில் முதலில் காப்பீடு பெற்றவர் என் கணவர்.

அடுத்து, கொழும்பில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று நோய்க்கும் விபத்துக்கும் காப்பீடு கொடுப்பதாகத் தொழிற்சாலைக்கு வந்த இயந்திர மெக்கானிக் ஒருவர் சொன்னார். அப்பா தன் நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டார். பதில் அழகான தாளில் வந்தது. இந்தத் தீவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே, அதிலும் வயது வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்தார். "ரொம்ப மரியாதையா மாட்டேன்னு சொல்லியிருக்கான்" என்றார்.

எங்களுக்கு வழி காட்டியவர் பொகவந்தலாவைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர்; நானா என்றுதான் அழைப்போம். தீபாவளிக்குத் துணி எடுக்க அந்தக் கடைக்குத்தான் போவோம். கப்பல் ஏறப் போகிற அம்மா புடவை எடுக்காமல் கடையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதைக் கண்டு அவர் விசாரித்திருக்கிறார். அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். நானாவின் அக்காவும் திருச்சியில்தான் இருந்தார். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வருடச் சந்தா கட்டிச் சேர்ந்துவிட்டால், அந்த வருடம் முழுவதும் வைத்தியம், படுக்கை, ஆப்பரேஷன் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றும், தன் அக்கா பித்தப்பைக் கல்லை அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்றும் அவர் சொன்னார். வயது வரம்பு கிடையாதாம். அம்மா அன்றைக்கு இரண்டு புடவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அக்காவின் கணவர் போய் விசாரித்து எழுதினார். நானா சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. வயதானவர்கள் சேரும்போது, பெரிய நோய் எதுவும் இல்லை என்று படித்த டாக்டர் ஒருவரிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "சீக்கு இல்லாதவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? சீக்கு இருக்கிறவளத்தானே சேத்துக்கணும்?" என்று கேட்டாள். நாங்கள் ஆளுக்கொரு விதமாக விளக்கினோம். கடைசியில் என் கணவர், டாக்டரிடம் போகும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று மிகவும் பணிவாகச் சொல்லி வைத்தார். மாப்பிள்ளை சொல்லிவிட்டாரே என்று அம்மா தலையை ஆட்டினாள். முப்பது வருடமாகத் தன் உடம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னவள், முதல் தடவையாக ஒரு டாக்டர் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டம் எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

அட்டனில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தலை முழுக்க வெள்ளை, குரல் மட்டும் இளமை. அப்பாவும் அம்மாவும் காலை பஸ்ஸில், அத்தனை வளைவிலும் குலுங்கி, நல்ல உடுப்பில் வந்து இறங்கினார்கள். நானும் கூடப் போனேன். டாக்டர் அம்மாவை முதலில் கூப்பிட்டார்.

"சொல்லுங்கோ அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்?"

அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய். இத்தனை வருடம் தோட்டத்து ஆபீசின் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் குடும்பங்களோடு பழகிய அம்மாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சின்னவள இங்க விட்டுட்டுப் போறோமே, அது ஒண்ணுதாங்க வருத்தம்" என்றாள்.

 டாக்டர் கழுத்தில் கிடந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். "அதுக்கு என்னட்டை மருந்தில்லை அம்மா" என்றார் மெதுவாக. நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு அவர் நாடி பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கையில் பட்டி கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார். அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். முகம் சிவந்துவிட்டது. எல்லாம் முடிந்ததும் டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை, இந்த வயதில் இப்படி ஒரு நெஞ்சைத் தான் பார்த்ததில்லை என்றார்.

அதோடு அம்மாவின் பொறுமை போய்விட்டது. "நல்லாப் பாத்தீங்களாங்க? முழங்காலத் தொட்டுக்கூடப் பாக்கலயே" என்று ஆரம்பித்தாள். முழங்காலிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து தலைச்சுற்றுக்கு, அங்கிருந்து என்னைப் பெற்றபோது வந்த காய்ச்சலுக்கு என்று போனாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். அதையும் தட்டிவிட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து முழுவதையும் கேட்டார்.

"இவ்வளவும் சொல்ல உங்களுக்கு மூச்சு வாங்கேல்லை. நெஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். அம்மாவின் மனம் குளிரட்டும் என்று முழங்காலுக்குத் தடவ ஒரு மருந்தும் எழுதினார்.

அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அவருக்கு இது வெறும் சடங்கு. டாக்டர் பட்டியைக் கட்டி அழுத்தினார். அவிழ்த்தார். இன்னொரு தரம் கட்டினார். மற்றக் கையிலும் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்பாவுக்குப் பிரஷர். நிறையவே இருந்தது. இதோடு சர்டிபிகேட் தர முடியாது, உப்பைக் குறைத்து, தினமும் நடந்து, மருந்து குடித்து, சில மாதம் கழித்து வந்து காட்டும்படி சொன்னார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றோம்.  அப்பா அம்மா பக்கம் திரும்பி, "ஒனக்குத்தான் சந்தா கிடைச்சிருச்சே. ரெண்டு பேருக்கும் சேத்து நீயே சீக்காப் படுத்துக்க" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைவீதியில், அத்தனை பேர் பார்க்க, அவள் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. அவருக்கும் சந்தா கிடைக்கிற வரைக்கும் கப்பலும் இல்லை, ரயிலும் இல்லை என்றாள்.

குவாட்டர்ஸை விட வேண்டிய நாள் வந்தபோது அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இரண்டே அறை. அப்பாவின் மரப்பெட்டிகளை அடுக்கிய பிறகு நடக்கப் பாதை ஒற்றையடிதான். ஆனால் கல்யாணமாகிப் போன பிறகு அம்மாவோடு இருந்து தினமும் சாப்பிடும் வாய்ப்பு எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அடுப்படியில் அவள் குரல் கேட்கும். அப்பாவின் பிரஷருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

அம்மா முழு வீட்டையும் வைத்தியத்தில் சேர்த்துவிட்டாள். ஒருத்தருக்கு உப்பில்லை என்றால் எல்லாருக்கும் இல்லை. கருவாட்டுப் பானை பக்கத்து வீட்டுக்குப் போனது. என் கணவர் உப்பில்லாத சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, மிகவும் நன்றாக இருப்பதாகச் சொல்வார். பிறகு பள்ளிக்கூடத்தில் நண்பர்களின் சாப்பாட்டைப் பங்கு கேட்பார். பக்கத்து வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டம்மா தினமும் வல்லாரைக் கீரையை வேலிக்கு மேலால் நீட்டுவாள். 'கொட்டுகொல, கொட்டுகொல' என்று சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களத்தில் விலை கேட்க மட்டும்தான் தெரியும். ஆனாலும் வேலியின் இருபுறமும் நின்று இருவரும் மணிக்கணக்கில் நோய்களைப் பற்றிப் பேசினார்கள். எந்த இடத்தில் வலி என்று தொட்டுக் காட்ட மொழி எதற்கு?

அப்பா காலையும் மாலையும் டிக்கோயா ரோட்டில் நடந்தார். நடந்தார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒருநாள் மாலை வழக்கத்தைவிடச் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். அம்மா அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன. கடைவீதிச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டியும், உப்பும் மிளகாயும் இடித்த கட்டச் சம்பலும் சாப்பிட்டிருக்கிறார். கழுவியும் மிளகாய் போகவில்லை.

"எத்தனை நாளா?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னைக்குத்தான்" என்றார் அப்பா. ஆனால் அடுத்த நாள் முதல் அம்மாவும் கூட நடக்கக் கிளம்பியபோது, அந்தக் கடைக்காரர் வாசலுக்கு வந்து அப்பாவை வாங்க வாங்க என்று வாய் நிறைய அழைத்துவிட்டார். அதன் பிறகு அப்பா அந்தப் பக்கம் நடக்கவில்லை. ரயில் பாதைப் பக்கம் நடந்தார், அம்மாவோடு. இருவரும் வாழ்க்கையில் முதல் தடவையாக எந்த வேலையும் இல்லாமல் சேர்ந்து நடந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் குத்தல் இருந்ததாகவே தெரியவில்லை. கேட்டால், "எனக்கெங்க நேரம்?" என்பாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்தபோது அப்பாவை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். பட்டியைக் கட்டி அழுத்திய நேரத்தில் அம்மா கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டாள். டாக்டர் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. பிரஷர் இறங்கியிருந்தது. தன்னிடம் வருகிறவர்களில் சொன்னபடி கேட்ட ஒரே மனிதர் இவர்தான் என்று அப்பாவைப் பாராட்டினார். அப்பா பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மிஷன் ஆஸ்பத்திரி இருவரையும் சேர்த்துக்கொண்டது. அப்பாவின் பிரஷருக்கும் அதனால் வரும் நோய்க்கும் முதல் வருடம் தங்கள் பொறுப்பு இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு என்று பதில் வந்தது. அக்காவின் கணவர் சந்தாவைக் கட்டினார். அம்மாவிடம் இனிச் சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லை.

அட்டன் ஸ்டேஷனுக்கு அவர்களை அனுப்ப நாங்கள் மட்டும் போவோம் என்று நினைத்தேன். ஜவுளிக்கடை நானா பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். தோட்டத்து ஆட்கள் லயத்து வீட்டு வரிசைக்கு ஒருவர் என்று வந்திருந்தார்கள். அப்பாவின் கீழ் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் மாலை போட்டார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட்கூட வந்தார். தன் தாயாருக்காக அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அம்மாவிடம் விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பக்கத்து வீட்டம்மா ஒரு பொட்டலம் கீரையை ஜன்னல் வழியாக நீட்டினாள். அது தலைமன்னார் போகும் முன்பே வாடிவிடும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் அழுவேன் என்று கணவர் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார். கடைசியில் அவர்தான் அதைப் பயன்படுத்தினார். வண்டி நகர்ந்தபோது அம்மா சிரித்துக்கொண்டு கையசைத்தாள், கழுத்தில் யாரோ போட்ட மாலையோடு.

திருச்சிக்குப் போன பிறகு அம்மாவுக்கு நோயே வரவில்லை. முதல் வருடச் சந்தா வீணாய்ப் போனதாக அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டாளாம். ஆனாலும் ஆஸ்பத்திரியை அவள் விடவில்லை. தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே கூட்டிப்போவாள். நர்ஸ்மார் எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

சந்தா உதவியது அப்பாவுக்குத்தான். இரண்டாம் வருடம் அவருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அக்கா எழுதியதும் நான் பள்ளிக்கூட விடுமுறையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கித் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆப்பரேஷன் முடிந்திருந்தது. அப்பா இரண்டு கண்ணிலும் கட்டோடு, தலையை அசைக்காமல் படுத்திருந்தார். அம்மா அவர் கட்டில் பக்கத்தில் வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்து, வருகிற நர்ஸ் ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, சிலோனிலிருந்து கப்பலில் வந்த சின்ன மகள் என்று சொன்னாள். என் கணவரின் சம்பளம் உட்பட எல்லாம் அந்த வார்டுக்குத் தெரிந்திருந்தது. அவள் பயந்து நின்ற வாசல் இதுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் புறப்படுவதற்கு முன்பே கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் தடித்த கண்ணாடி ஒன்றை அப்பாவின் கண்ணுக்கு முன்னால் பிடித்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். அப்பா சிறிது நேரம் கண்ணைச் சிமிட்டினார். நான் ஆவலோடு முன்னால் நகர்ந்தேன். ஆனால் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம் நின்றது. அவளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஒனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்று கேட்டார்.

"நீங்க பாக்காதப்பத்தான்" என்றாள் அம்மா.

அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் முதலில் சிரித்தார். பிறகு நர்ஸ் சிரித்தாள். டாக்டர் சிரித்ததில் கையிலிருந்த கண்ணாடி ஆடியது. அதை அசைக்காமல் பிடிக்கும்படி அப்பா அவரைக் கேட்டுக்கொண்டார்; தான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்றார்.